உப்புக்குத் தண்ணீர், எண்ணெய்க்கு ஆல்கஹால்: லாமிங்டன் ரோட்டில் போர்டு சுத்தம் செய்யும் ஒரு கடை

தாராவியில் எங்கள் குடும்பம் நடத்தும் தையல் பட்டறையில் 14 இயந்திரங்கள் ஓடுகின்றன. அவற்றில் 11 இயந்திரங்களுக்குச் சர்வோ மோட்டாரும், அதை இயக்கும் மின்னணுப் பெட்டியாக மேசைக்கு அடியில் தொங்கும் கண்ட்ரோல் பாக்ஸும் உண்டு. ஜூன் மாதம் மழை பிடித்ததும் இந்தப் பெட்டிகளில் குறைந்தது இரண்டு மூன்று, பழுதைக் குறிக்கும் எரர் எண்ணைக் காட்டி நின்றுவிடுவது சில ஆண்டுகளாகவே எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. புதிய பெட்டி வாங்குவதைவிட உள்ளே இருக்கும் போர்டை, அதாவது மின்னணு உதிரிகள் பதித்த பலகையை, சுத்தம் செய்து ஓட்டுவதே கட்டுப்படியாகும். அதனால், மும்பை லாமிங்டன் ரோட்டில் இந்த ஒரு வேலையை மட்டும் செய்யும் சிறிய கடையொன்றில் சென்ற ஆண்டு மே மாதத்திலிருந்து ஏழு போர்டுகளைக் கொடுத்து வாங்கியிருக்கிறேன். என்னைப்போல் சிறிய பட்டறை வைத்திருப்பவர்களுக்கும், வீட்டிலேயே போர்டைத் துடைத்துப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால், அங்கே வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் பெட்டிகளுக்குள் சேர்வது ஒரே வகை அழுக்கு அல்ல. துணியிலிருந்து உதிரும் பஞ்சுத் தூசி முதலில் படிகிறது. மேலே இயந்திரத் தலையிலிருந்து கசியும் எண்ணெய் அதில் ஊறி, மெழுகு போன்ற ஒரு கறுப்புப் படலமாகிறது. மாஹிம் கழிமுகத்திலிருந்து வரும் உப்புக் காற்று அந்தப் படலத்தில் ஒட்டிக்கொள்கிறது. கோடையில் இவை எல்லாம் காய்ந்து கிடக்கும்வரை எந்தத் தொல்லையும் இல்லை. மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை உப்பு உறிஞ்சிக்கொள்ளும்போது, நெருக்கமாக ஓடும் இரண்டு செம்புத் தடங்களுக்கு நடுவே மின்சாரம் கசியத் தொடங்குகிறது. சில நாட்களில் பச்சை நிறத்தில் களிம்பு பூக்கிறது. செம்பில் களிம்பு ஏறுவது நமக்குப் புதிய செய்தி அல்ல. செம்புக் குடத்தில் ஏறினால் புளி போட்டுத் தேய்க்கிறோம். தலைமுடியளவு மெல்லிய தடத்தில் ஏறினால், தேய்ப்பதற்கு அடியில் செம்பு மிச்சம் இருக்குமா என்பதே கேள்வியாகிவிடுகிறது.

2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது எங்கள் பட்டறையிலும் தண்ணீர் ஏறியது. அப்போது இருந்தவை எல்லாம் கிளச் மோட்டார்கள். அவற்றைக் கழற்றிக் கழுவி, நாள் கணக்கில் காயவைத்து அப்பா மறுபடியும் ஓட்டிவிட்டார். மின்னணுப் போர்டே இல்லாத இயந்திரத்துக்கு அது போதுமானதாக இருந்தது. இன்றைய சர்வோ பெட்டிகளுக்கு அந்த வைத்தியம் பலிக்காது என்பதை நாங்கள் பணம் செலவழித்துத்தான் தெரிந்துகொண்டோம்.

இந்தக் கடைக்குப் போவதற்கு முன் இரண்டு வழிகளில் தோற்றிருந்தோம். முதலில் பக்கத்துத் தெரு மெக்கானிக் ஒருவர், பெயிண்ட் கடையில் வாங்கிய தின்னரை ஊற்றித் தேய்த்துக் கொடுத்தார். போர்டு பளிச்சென்று இருந்தது. ஆனால் பிளாஸ்டிக் கனெக்டர்கள் வெளுத்து விரிசல் விட்டன, உதிரிகளின் மேல் அச்சிட்டிருந்த எண்கள் அழிந்துபோயின, பழுது பார்க்க வந்த அடுத்தவருக்கு எந்தச் சில்லு எது என்றே தெரியவில்லை. அடுத்த முறை, 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை, அதாவது எல்லாரும் ஐ.பி.ஏ. என்று சொல்லும் திரவத்தை வாங்கி நானே பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். பெட்டி உடனே ஓடியது. மூன்றாவது வாரம், விடாத மழையில், அதே எரர் எண் திரும்ப வந்தது. நல்ல மருந்தைத்தானே போட்டோம், பிறகு ஏன் இப்படி ஆனது என்ற கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது லாமிங்டன் ரோட்டில்தான்.

கிராண்ட் ரோடு ரயில் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே சிறிது தூரம் நடந்தால் லாமிங்டன் ரோடு வந்துவிடும். பலகைகளில் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று இருந்தாலும் யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் கடை இருக்கிறது. நடத்துபவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அறுபதை நெருங்கும் வயது. நாங்கள் அண்ணாச்சி என்றே அழைக்கிறோம். உதவிக்கு ஓர் இளைஞர் இருக்கிறார்.

போர்டை மேசையில் வைத்ததும் அண்ணாச்சி விலை சொல்லவில்லை. "தம்பி, பட்டறை எங்க இருக்கு? இதுக்கு முன்னாடி எதப் போட்டுத் தொடச்சிய?" என்று கேட்டார். நான் ஐ.பி.ஏ. என்றதும், இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுத்து, ஒன்றில் ஐ.பி.ஏ.வையும் மற்றதில் காய்ச்சி வடித்த நீரையும் ஊற்றி, இரண்டிலும் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டுக் கலக்கினார். தண்ணீரில் உப்பு கரைந்து மறைந்தது. ஐ.பி.ஏ.வில் அது மணல்போல் அடியில் அப்படியே கிடந்தது. "ஒங்க போர்டுலயும் இப்படித்தான் கெடக்கு" என்றார். என் ஏழு போர்டுகளின் கதையும் இந்த இரண்டு குவளைகளுக்குள் அடங்கிவிட்டது என்றே சொல்வேன். எண்ணெயையும், உதிரிகளைப் போர்டில் பற்றவைக்கும் சால்டரிங் செய்தபின் மிஞ்சும் ரோசின் பிசினையும் ஆல்கஹால் கரைக்கும், உப்பைக் கரைக்காது. நான் தேய்த்தபோது எண்ணெய் போயிற்று, உப்பு இடம் மாறிப் பரவியது, அவ்வளவுதான். மின்னணு ஆலைகளில் போர்டின் சுத்தத்தைச் சோதிக்க நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் முறையிலும் 75 பங்கு ஐ.பி.ஏ.வுடன் 25 பங்கு தூய நீர் கலந்துதான் கழுவுகிறார்கள். பிசினுக்கு அது, உப்புக்கு இது.

முதல் போர்டு சுத்தமாகும்வரை நான் அங்கேயே நின்று பார்த்தேன். தண்ணீரும் ஆல்கஹாலும் பிறகுதான் வந்தன. முதல் வேலை மின்சாரத்தைப் பற்றியது. 230 வோல்ட் மின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றினால் உச்சத்தில் சுமார் 325 வோல்ட் கிடைக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். பலர் ஸ்க்ரூடிரைவரை இரண்டு கால்களுக்கும் குறுக்கே வைத்து டப்பென்று வெடிக்கவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அண்ணாச்சி அதைச் செய்வதில்லை. மல்டிமீட்டரில் அளந்து, கைப்பிடியில் பொருத்திய 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை (மின்தடையை) அரை நிமிடம் வைத்து மின்சாரத்தை இறக்கி, மறுபடியும் அளந்து, சில நிமிடங்கள் கழித்து மூன்றாவது முறையும் அளக்கிறார். இறக்கிய கெப்பாசிட்டரில் கொஞ்சம் மின்னழுத்தம் தானாகவே திரும்ப ஏறும் என்பதால் இந்த மூன்றாவது அளவு தேவை. நிலைமின்சாரத்துக்கான மணிக்கட்டுப் பட்டையை இதற்குப் பிறகே கட்டிக்கொள்கிறார். அந்தப் பட்டை நம்மைப் பூமியோடு இணைப்பது; அதற்குள் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருந்தாலும், உயர் மின்னழுத்தம் மிச்சம் இருக்கும் போர்டில் கை வைக்கும்போது அது உடலில் இருக்கக்கூடாது. இந்த வரிசையை மாற்றிச் செய்பவரிடம் நான் போர்டைக் கொடுக்கமாட்டேன்.

அடுத்து, ஈரம் படக்கூடாதவற்றைப் பிரித்தார்கள். டிஸ்ப்ளே தனியாகக் கழன்றது. பஸ்ஸரின் துளையை டேப்பால் மூடினார்கள். புதிய பஸ்ஸர்களின் மேல், கழுவிய பிறகு அகற்றவும் என்ற குறிப்போடு ஸ்டிக்கர் ஒட்டி வருவது இதற்குத்தான் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. மூடி அடைக்கப்படாத ரிலே என்ற மின் சுவிட்சையும், திருகி அளவு மாற்றும் பிரிசெட்டையும் மூடினார்கள். பெரிய கெப்பாசிட்டரின் அடியில் பழுப்பாக இறுகிக் கிடந்த பசையை மரக்குச்சியால் சுரண்டி எடுத்தார் அந்த இளைஞர். உதிரி ஆடாமல் இருக்க ஆலையிலேயே வைக்கும் இந்தப் பசையில் சில வகைகள், ஆண்டுக்கணக்கில் சூடுபட்டால் மின்சாரத்தைக் கடத்தவும் உலோகத்தை அரிக்கவும் தொடங்கும். அதை அழுக்கு என்று பார்க்கும் கண் எல்லா மெக்கானிக்குக்கும் வாய்ப்பதில்லை.

பஞ்சுத் தூசியை உலர்ந்த நிலையிலேயே, நிலைமின்சாரம் சேராத கறுப்புப் பிரஷால் தள்ளி எடுத்தார்கள். வீட்டு வேக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் குழாயை நேரே போர்டில் வைப்பது கூடாது, தூசி அதில் உரசி ஓடும்போது நிலைமின்சாரம் உண்டாகும் என்றார்கள். பட்டறைக் கம்ப்ரெஸர் காற்றும் வேண்டாம், அதில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும் என்ற அவர்களுடைய எச்சரிக்கை என்னைச் சுட்டது, ஏனென்றால் வாரந்தோறும் நாங்கள் செய்துவந்தது அதுவே.

பிறகுதான் ஐ.பி.ஏ. வந்தது. ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் தேவையான அளவு மட்டும் ஊற்றி, போர்டைச் சாய்த்துப் பிடித்து, மேலிருந்து கீழாகத் தேய்த்து, அழுக்கு வழிந்து போகும்படி புதிய ஐ.பி.ஏ.வை விட்டுக் கழுவினார்கள். கறுத்த கிண்ணத்தில் பிரஷை மறுபடியும் முக்கவே இல்லை. முக்கினால், கரைந்த பிசின் மெல்லிய படலமாக எங்கும் பரவி, காய்ந்தபின் வெள்ளை பூத்து நிற்கும். நான் வீட்டில் செய்தபோது வந்த அந்த வெள்ளைக் கறையைப் போர்டே கெட்டுவிட்டது என்று நினைத்துப் பயந்தேன். உண்மையில் அது பாதியில் நின்றுபோன சுத்தம்.

அதற்கடுத்து வந்ததே இந்தக் கடைக்கு நான் திரும்பத் திரும்பப் போவதற்கான காரணம். வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரை ஒரு தட்டில் ஊற்றி, போர்டை அதில் அலசி, நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை அதில் வைத்தார் அண்ணாச்சி. குடிநீர் வடிகட்டி விற்க வருபவர்கள் கையில் வைத்திருக்கும் பேனா போன்ற அதே மீட்டர்தான். புதிய நீரில் 1 காட்டிய மீட்டர், முதல் அலசலுக்குப் பிறகு 84 காட்டியது. நீரை மாற்றி அலசியபோது 19, மூன்றாவது முறை 3. நான் வீட்டில் ஐ.பி.ஏ. போட்டுத் தேய்த்து, சுத்தம் என்று நம்பி மாட்டிய போர்டு அது. அதில் எவ்வளவு உப்பு மிச்சம் இருந்தது என்பதை ஓர் எண்ணாக, என் கண்முன்னே பார்த்தேன். எண்ணெயையும் பிசினையும் இந்த மீட்டர் காட்டாது என்பதையும் அண்ணாச்சியே சொன்னார். அவற்றுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடியும் சாய்த்துப் பிடித்த விளக்கும்தான். குழாய்த் தண்ணீரை இந்த வேலைக்குப் பயன்படுத்தினால், அதிலுள்ள உப்புகளை நாமே போர்டில் ஏற்றிவைத்தது போலாகும்.

அலசி முடிந்ததும் மறுபடியும் ஒருமுறை ஐ.பி.ஏ. விட்டு, சில்லுகளின் அடியில் நிற்கும் நீரை வெளியே தள்ளினார்கள். ஐ.பி.ஏ. முழுக்க ஆவியாகும்வரை ஜன்னலோரம் வைத்திருந்து, அதன் பிறகே 60 டிகிரியில் நான்கு மணி நேரம் சூடேற்றும் பெட்டிக்குள் வைத்தார்கள். இந்த இடைவெளியை யாரும் சுருக்கக்கூடாது. ஐ.பி.ஏ. சுமார் 12 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும் திரவம். மும்பையின் எந்த வெயிலுக்கும், எந்தக் குளிருக்கும், அது எப்போதும் பற்றத் தயாராகத்தான் இருக்கிறது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போய்த் தொலைவில் இருக்கும் அடுப்பையோ சுவிட்ச் பொறியையோ தொடக்கூடும். ஒலி அதிர்வால் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியில் ஐ.பி.ஏ.வை நேரே ஊற்றிப் போர்டை முக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு என்று கேள்விப்படுகிறேன். தீ ஒருபுறமிருக்க, அந்த அதிர்வு குவார்ட்ஸ் கிரிஸ்டலையும் நுண் சென்சாரையும் கெடுத்துவிடலாம். இந்தக் கடையில் அந்தத் தொட்டியே கிடையாது.

காய்ந்த போர்டை நேரே மின்சாரத்தில் செருகாமல், 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு இயக்கிப் பார்த்தார்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், போர்டு பிழைத்துக்கொள்ளும். கடைசியாக, கேட்பவர்களுக்கு மட்டும், கனெக்டர்களை மூடிவிட்டு, ஈரத்தைத் தடுக்கும் அக்ரிலிக் பூச்சு அடிக்கிறார்கள். உப்போ ஈரமோ மிச்சம் இருக்கும் போர்டில் இந்தப் பூச்சை அடித்தால் கெடுதலை உள்ளே வைத்துப் பூட்டியதாகும் என்பதால், மீட்டரில் எண் இறங்காத போர்டுக்கு அவர்கள் பூச்சு அடிப்பதில்லை.

ஒரு போர்டுக்கு 350 ரூபாய், பூச்சுக்கு மேலும் 150 வாங்குகிறார்கள். புதிய கண்ட்ரோல் பாக்ஸ் 6,000 ரூபாய்க்கு மேல் போகும் நிலையில் இது நியாயமான கூலி. ஏழு போர்டுகளில் ஐந்து சென்ற மழைக்காலம் முழுவதும் தடங்கலின்றி ஓடின. ஒன்றில் தடமே அரித்துப்போயிருந்தது. சுத்தம் செய்து பயனில்லை என்று அண்ணாச்சி பார்த்தவுடன் சொல்லி, பணம் வாங்காமல் திருப்பிக் கொடுத்தார். இன்னொன்று மூன்று வாரத்தில் நின்றது. ஒரு கனெக்டரின் உட்புறத்தில் எண்ணெய் தங்கியிருந்ததை ஒப்புக்கொண்டு மறுபடியும் செய்து கொடுத்தார்கள்.

குறைகளும் உண்டு. ஒரு முறை, சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்கின் அடியில், சூட்டைக் கடத்தும் வெப்பப் பசையைப் புதிதாக வைக்க மறந்திருந்தார்கள். நானே கவனித்துக் கேட்ட பிறகுதான் வைத்தார்கள். ஆல்கஹாலில் கழுவினால் அந்தப் பசையும் போய்விடும், அது இல்லாமல் ஓட்டினால் பவர் மாட்யூல் வெந்துவிடும் என்பதால், வாங்கும்போது நீங்களும் கேளுங்கள். அழுக்கு ஐ.பி.ஏ.வைத் திறந்த வாளியில் வைத்திருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த அளவு சிறிய அறையில் அது ஆபத்து. சொன்ன பிறகு மூடியுள்ள உலோகக் கேன் வாங்கினார்கள், ஆனாலும் சுவரில் தீயணைப்பான் ஒன்று மாட்டினால் என் மனம் நிம்மதியடையும். ரசீது தருவதில்லை. ஜூலை மாதத்தில் மூன்று நான்கு நாள் காத்திருக்க நேரிடுகிறது. நனைந்த மொபைல்களை வாங்குவதே இல்லை, அதற்கான கருவி தங்களிடம் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புபவர்களுக்காக அவர்களே ஒரு லிட்டர் ஐ.பி.ஏ., கறுப்புப் பிரஷ், பஞ்சு உதிராத துணி ஆகியவற்றை விற்கிறார்கள். மூன்றும் நல்ல சரக்கு. ரிமோட், கீபோர்டு, பேட்டரியில் ஓடும் சிறிய கருவிகள் ஆகியவற்றுக்கு இவையே போதும். காய்ச்சி வடித்த நீர் பேட்டரி கடையில் கிடைக்கிறது. ரிமோட்டில் ஆல்கலைன் பேட்டரி கசிந்து வெள்ளை பூத்திருந்தால் அது காரம். சில துளி வினிகரைத் தொட்டு முறித்து, பிறகு நீராலும் ஐ.பி.ஏ.வாலும் துடைக்கலாம். மருந்துக்கடை சானிடைசரைப் பயன்படுத்த வேண்டாம்; கை உலராமல் இருக்க அதில் சேர்க்கும் கிளிசரின் போர்டில் பிசுபிசுப்பாகத் தங்கும். டபிள்யூ.டி.-40 ஈரத்தை விரட்டுவதற்காக 1953-ல் உருவாக்கப்பட்டது. அது எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்வதால் பஞ்சு பறக்கும் எங்கள் இடத்துக்கு ஒத்துவராது, அந்த நிறுவனமே மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் காண்டாக்ட் கிளீனரைத் தனியாக விற்கிறது. பழைய ரேடியோ மெக்கானிக்குகள் சி.டி.சி. என்று சொல்லி வெறுங்கையால் புழங்கிய கார்பன் டெட்ராகுளோரைடு எங்காவது பழைய குப்பியில் கிடைத்தாலும் தொடாதீர்கள். அது கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு. ஓசோன் படலத்துக்கும் கேடு என்பதால் 1987-ல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையின் வழியே விலக்கப்பட்டது. எந்தத் திரவமானாலும் நைட்ரைல் கையுறையும் திறந்த ஜன்னலும் வேண்டும். சால்டரில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பிட உட்கார வேண்டும்.

நேரே மின்சாரத்தில் ஓடும் பெட்டியை மட்டும் கழற்றாமல் கடைக்கே கொண்டுபோங்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. காலை 11 மணிக்கு முன் போனால் அண்ணாச்சியே போர்டை வாங்கிப் பார்ப்பார். முன்பு எதைப் போட்டுத் துடைத்தீர்கள் என்று கேட்கும்போது தின்னராக இருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்; அலசிய தட்டில் மீட்டர் கடைசியாகக் காட்டிய எண் எவ்வளவு என்று வாங்கும்போது கேளுங்கள், சொல்வார்கள்.